பாடகருக்குப் பின்னால் பதினாறு பேர்

அமெரிக்க ஜாஸ் பாட்டில் ஃபிராங்க் சினாட்ராவைப் பற்றியோ எலா ஃபிட்ஸ்ஜெரால்டைப் பற்றியோ பேச்சு எழுந்தால் அது குரலில் தொடங்கிக் குரலிலேயே முடிந்துவிடும். எனக்கு அதில் ரொம்ப நாளாக ஒரு மனக்குறை. அந்தக் குரல்களுக்குப் பின்னால் பதினாறு, பதினேழு பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாள் இருக்கிறது, அந்தத் தாளில் இருப்பதை யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்து எழுதியிருக்கிறார், அவர் பெயர் ஆல்பத்தின் பின் அட்டையில் சின்ன எழுத்தில் வந்தாலே பெரிய விஷயம். அவர்தான் அரேஞ்சர். பாட்டை எழுதியவர் வேறு, பாடுகிறவர் வேறு. நடுவில் இந்த ஆள் என்ன செய்கிறார் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல அரேஞ்ச்மென்ட்டுக்குப் பாட்டைப் பற்றிச் சொந்தமாக ஒரு அபிப்பிராயம் இருக்கும். பாடகர் வார்த்தையில் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேண்ட் அதற்குக் கூடவோ, குறையவோ, சில சமயம் நேர் எதிராகவோ ஏதாவது சொல்லும். அப்படி ஒன்றும் சொல்ல இல்லாத அரேஞ்ச்மென்ட் எவ்வளவு சுத்தமாக வாசிக்கப்பட்டாலும் வெறும் பின்னணிச் சத்தம்தான்.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது 1956 ஜனவரி 12 அன்று ஹாலிவுட்டில் பதிவான சினாட்ராவின் "ஐ'வ் காட் யூ அண்டர் மை ஸ்கின்". எல்லாரும் காட்டுவதும் அதைத்தான், தெரியும். ஆனால் எல்லாரும் அதில் டிராம்போன் சோலோவை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பாட்டு கோல் போர்ட்டர் 1936இல் ஒரு படத்துக்கு எழுதியது. அந்தக் காலத்துப் பாட்டுகள் பெரும்பாலும் 32 பார்களில், அதாவது தாளச் சுற்றுகளில், அடங்கிவிடும். இது 56 பார், ஒரே பகுதியைச் சும்மா திருப்பித் திருப்பிப் பாடுகிற அமைப்பும் கிடையாது. பாடுகிறவன் தன்னைத் தானே எச்சரித்துக்கொள்கிறான், இது வேண்டாம், புத்தி சொல்கிறது, கேள் என்கிறான், ஆனால் கேட்கமாட்டான் என்று நமக்கே தெரிகிறது. வார்த்தையின் உள்ளே இருக்கும் இந்த இழுபறியைப் பிடித்துக்கொண்டார் அரேஞ்சர் நெல்சன் ரிடில். ஆரம்பத்தில் பேண்ட் ஒரு சின்னச் சுற்று வாக்கியத்தை வைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டே இருக்கிறது, பொறுமையாக, ஒன்றும் நடக்காதது மாதிரி. சினாட்ராவும் அவசரப்படாமல் பாடி முடிக்கிறார். முடித்து அவர் ஒதுங்கியதும்தான் அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் மேலே வருகிறது: டிராம்போன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன, அதே சின்ன வாக்கியம் பெரிதாகிக்கொண்டே போகிறது, அதன் உச்சியில் மில்ட் பெர்ன்ஹார்ட்டின் டிராம்போன் கத்திக்கொண்டு வெளியே பாய்கிறது. பாடகன் ஒத்துக்கொள்ள மறுத்ததைப் பேண்ட் ஒத்துக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு சினாட்ரா திரும்ப வரும்போது முதலில் பாடிய ஆளாக அவரால் வர முடியாது, குரல் தானாகவே ஒரு படி மேலே நிற்கிறது. அப்புறம் மெல்ல இறங்கி ஆரம்பித்த இடத்துக்கே போய் நிற்கிறார்கள்.

இந்த ஏற்றத்துக்கு ரிடில், ஒரே மெட்டு மெல்ல மெல்லப் பெரிதாகிற ராவெலின் பொலேரோவை மனதில் வைத்திருந்தார் என்பார்கள். டிராம்போன்களை அடுக்கும் விதத்துக்கு ஸ்டான் கென்டன் பேண்டின் ஒரு கியூபா பாணி உருப்படியைக் காட்டிக்கொடுத்தவர் பேஸ் டிராம்போன்காரர் ஜார்ஜ் ராபர்ட்ஸ் என்றும் ஒரு கதை உண்டு. கடைசி நேரத்தில் சேர்த்த பாட்டு, பதிவுக்குப் போகும் காரிலேயே மனைவி ஓட்ட ரிடில் எழுதி முடித்தார் என்றும் சொல்வார்கள். எது எப்படியோ, முதல் தடவை வாசித்துப் பார்த்ததுமே ஸ்டூடியோவில் இருந்த கலைஞர்கள் எழுந்து ரிடிலுக்குக் கைதட்டினார்கள். தினமும் யார் யாருக்கோ வாசித்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுகிற ஹாலிவுட் ஸ்டூடியோ ஆட்கள் தாளில் இருப்பதைப் பார்த்துக் கைதட்டுவது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. பிறகு 22 டேக் எடுத்தார்கள். பாவம் பெர்ன்ஹார்ட், ஒவ்வொரு தடவையும் அந்தச் சோலோவைப் புதிதாக ஊத வேண்டும்.

இதே பாட்டை ஒருசில வாரங்களிலேயே எலாவும் பாடினார், வெர்வ் கம்பெனிக்காக கோல் போர்ட்டர் பாட்டுகளை மட்டும் தொகுத்துப் பாடிய ஆல்பத்தில். அரேஞ்சர் பட்டி பிரெக்மன், அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. ஆல்பம் நன்றாக விற்றது, எலாவின் வாழ்க்கையையே திருப்பிப்போட்டது, எலாவின் உச்சரிப்புக்கும் சுருதி சுத்தத்துக்கும் நான் என்ன சொல்ல இருக்கிறது. ஆனால் அரேஞ்ச்மென்ட் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. பித்தளை வாத்தியங்கள் வரவேண்டிய இடத்தில் வருகின்றன, போகவேண்டிய இடத்தில் போகின்றன, இந்தப் பாட்டில் ஒருத்தி தன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது பேண்டுக்குத் தெரியவே இல்லை. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மூன்று வருடம் கழித்து, 1959இல், இதே ரிடில் எலாவுக்காக கெர்ஷ்வின் பாட்டுகளை எழுதினார். அங்கே எலாவின் குரல் வேறு மாதிரி ஒலிக்கிறது என்றால் அதில் பாதி ரிடிலின் கைவேலை.

சரி, இந்த அரேஞ்சர்களுக்கு இவ்வளவு இடம் எப்படி வந்தது? 1930களில் பேண்ட்தான் ராஜா. பாடகர் மேடை ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், நடுவில் எழுந்துபோய் ஒரு கோரஸ், அதாவது பாட்டின் ஒரு முழுச் சுற்று, பாடிவிட்டு வந்து உட்காருவார், ஆடுகிறவர்களுக்குத் தாளம் போதும். எலா சிக் வெப் பேண்டிலும், சினாட்ரா ஹாரி ஜேம்ஸ், டாமி டார்ஸி பேண்டுகளிலும் இப்படித்தான் தொடங்கினார்கள். 1942 ஆகஸ்ட் 1 முதல் இசைக்கலைஞர்கள் சங்கம் ரெக்கார்டு கம்பெனிகளுக்கு எதிராகப் பதிவு வேலைநிறுத்தம் செய்தது, பெரிய கம்பெனிகளில் சிலவற்றுக்கு அது 1944 நவம்பர் வரை நீண்டது. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை, அவர்கள் வாத்தியம் இல்லாமல் கூடப் பாடும் குழுக்களை மட்டும் வைத்துக்கொண்டு பாடிப் பதிவு செய்தார்கள், பாடகர் பெயரைப் பார்த்து ரெக்கார்டு வாங்கும் பழக்கம் மக்களுக்கு வந்துவிட்டது. போர் முடிந்ததும் ஊர் ஊராகப் போகும் பேண்டுகளுக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை, 1946 டிசம்பரில் பெரிய பெயர்கள் பலவும் வரிசையாகக் கலைந்தன. அந்தப் பேண்டுகளில் ஊதியும் எழுதியும் தேறியவர்கள் ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் வந்து சேர்ந்தார்கள். ரிடில் டார்ஸி பேண்டில் டிராம்போன் ஊதியவர். பில்லி மே சார்லி பார்னெட், கிளென் மில்லர் பேண்டுகளில் டிரம்பெட். 1948இல் எல்.பி. என்ற நீண்ட நேரம் ஓடும் ரெக்கார்டு வந்தது. இரண்டரை, மூன்று நிமிடப் பாட்டுகளைத் தனித்தனியாக விற்காமல் ஒரே மனநிலையில் பன்னிரண்டு பதினைந்து பாட்டைக் கோர்க்கலாம் என்றானதும், ஆல்பம் முழுக்க ஒரே கை தெரியவேண்டும் என்ற தேவை வந்தது. அந்தக் கைதான் அரேஞ்சர்.

இனி கொஞ்சம் தொழில் பேசுவோம், எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

கச்சேரியில் வயலின்காரர் பாடகர் விட்ட இடத்தில் அந்தச் சங்கதியைத் திருப்பி வாசிப்பார். காதில் விழுந்ததற்கு அந்த நிமிடமே பதில். பிக் பேண்டில் அந்த வசதி கிடையாது. ஐந்து சாக்ஸபோன், நாலு டிரம்பெட், மூன்றோ நாலோ டிராம்போன், அதற்குமேல் பியானோ, கிட்டார், டபுள் பேஸ், டிரம்ஸ் என்று உட்கார்ந்திருக்கும் ஆட்கள் ஒரே நேரத்தில் ஒரே பதிலைச் சொல்லவேண்டுமானால் அது முந்தின நாளே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதாவது பாடகர் எங்கே மூச்சு விடுவார், எந்தச் சொல்லை இழுத்துத் தாளத்துக்குப் பின்னால் போடுவார், எந்த வரியைச் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா நிற்பார் என்பதை அரேஞ்சர் தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்தே ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால் பாடகரின் கடைசிச் சொல்லின்மேலேயே டிரம்பெட் வந்து விழும். சினாட்ரா மாதிரி தாளத்தை ரப்பராக இழுக்கிற ஆளுக்கு எழுதுவது இன்னும் ஆபத்து. ரிடில் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்: எழுதிய பதில்களுக்கு நடுவே வேண்டுமென்றே ஓட்டை விட்டு, அதில் ஹாரி "ஸ்வீட்ஸ்" எடிசனை உட்காரவைத்துவிடுவார். ஒலியைத் தணிக்கும் மியூட் போட்ட டிரம்பெட்டில் எடிசன் ரெண்டு சுரம், மூன்று சுரம், சில இடத்தில் ஒரே சுரத்தையே திரும்பத் திரும்ப, அவ்வளவுதான் வாசிப்பார். அவருக்குத் தாளில் ஒன்றும் கிடையாது, காதுதான். எழுதிவைத்த பேண்டுக்குள் வயலின்காரரின் வேலையைப் பார்க்க ஒரே ஒருவரை மட்டும் அனுமதிப்பது. ஐம்பதுகளின் சினாட்ரா ஆல்பங்கள் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்தது ஸ்தாயிச் சிக்கல். ஆண் பாடகரின் குரல் நிற்கும் இடத்திலேயே டிராம்போனும் டெனர் சாக்ஸும் நிற்கின்றன. பாடும்போது அவற்றை அங்கே வாசிக்கவைத்தால் குரலும் வாத்தியமும் கலங்கிச் சேறாகிவிடும், பதிவில் எவ்வளவு குரலைத் தூக்கினாலும் வார்த்தை கேட்காது. கைதேர்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், குரலுக்கு மேலே புல்லாங்குழலையோ மியூட் போட்ட டிரம்பெட்டையோ வைக்கிறார்கள், கீழே ஆழத்தில் பேஸ் டிராம்போனை விடுகிறார்கள், நடுவைக் குரலுக்கே விட்டுவிடுகிறார்கள். ஜார்ஜ் ராபர்ட்ஸின் பேஸ் டிராம்போன் ரிடிலின் அடையாளமாகவே ஆனது இப்படித்தான். பெண் குரல் என்றால் வேறு தலைவலி. ஒரு ஆணுக்கு எழுதியதை அப்படியே நாலு சுரம் இறக்கி ஒரு பாடகிக்குக் கொடுத்தால் டிரம்பெட்டுகள் அவற்றின் பளபளப்பு இல்லாத கீழ்ப் பகுதியில் போய் மாட்டிக்கொள்ளும், பேண்ட் முழுக்க ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒலிக்கும். புதிதாகத்தான் எழுதவேண்டும். பல பாடகிகளின் மேடைப் பதிவுகளில் பேண்ட் ஏன் இப்படி மந்தமாக இருக்கிறது என்று எனக்குப் புரியாமலே இருந்தது, ஒரு டிரம்பெட் நண்பர் இதைச் சொன்ன பிறகுதான் புரிந்தது.

பில்லி மே இந்த நுணுக்கமெல்லாம் தெரிந்துகொண்டே அதைக் கலாய்க்கிற ஆள். அவருடைய சாக்ஸபோன்கள் சேர்ந்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும், குடித்துவிட்டு நடக்கிற மாதிரி, ஆனால் ஒரு அடி பிசகாது. 1958இல் வந்த சினாட்ராவின் பயண ஆல்பத்தில் பாடகர் ரொம்ப ஸ்டைலாக ஏதோ ஊரைப் பற்றிப் பாடிக்கொண்டிருக்க, பின்னால் பேண்ட் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். இதுவும் ஒரு அபிப்பிராயம்தான். 1953 ஏப்ரல் 30 அன்று, ரிடிலும் சினாட்ராவும் முதல்முதலாகச் சேர்ந்த பதிவில், ரிடில் எழுதிய நாலு பாட்டில் இரண்டு பில்லி மேயின் பாணியைப் போலச் செய்தது, இரண்டு தன் சொந்தப் பாணி. அந்தச் சொந்தப் பாணி ஒன்றில்தான் இருவர் கதையும் மாறியது.

பியானோகாரர் கவுன்ட் பேஸியின் பேண்ட் இதற்கெல்லாம் வெளியே இருக்கிறது. அவர்களுடைய அடிப்படை புளூஸ், புளூஸில் இடைவெளி உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது: பன்னிரண்டு பார், மூன்று வரி, ஒவ்வொரு வரிக்கும் நாலு பார், அதில் பாடகர் சுமார் இரண்டு பார்தான் பாடுவார், மீதி பேண்டுக்கு. பிராட்வே நாடகப் பாட்டில் அரேஞ்சர் தேடித் தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய இடம் இங்கே இலவசம். 1955இல் ஜோ வில்லியம்ஸ் பேஸியோடு பாடிய "எவ்ரி டே ஐ ஹேவ் த புளூஸ்" கேளுங்கள், எர்னி வில்கின்ஸின் அரேஞ்ச்மென்ட். வில்லியம்ஸ் ஒரு வரி சொல்ல, பேண்ட் ஒரு பதில் சொல்ல, ஒவ்வொரு சுற்றிலும் பதில் கொஞ்சம் கனக்கிறது. புகார் சொல்கிற பாட்டு, ஆனால் பின்னால் இருப்பவர்கள் துளியும் வருத்தப்படவில்லை, அதனால் பாடுகிறவரும் வருத்தப்பட முடியவில்லை. இந்தப் பேண்டின் கீழே 1937 முதல் 1987 வரை உட்கார்ந்திருந்தவர் கிட்டார்காரர் ஃப்ரெடி கிரீன். சோலோ வாசித்தது கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம், பாருக்கு நாலு தட்டு, அரை நூற்றாண்டு. அவர் வாசிப்பது காதில் தனியாகக் கேட்காது, அவர் இல்லாவிட்டால் மட்டும் தெரியும்.

இந்தப் பேண்டோடு சினாட்ரா மூன்று தடவை சேர்ந்தார். 1962இல் நீல் ஹெஃப்டி எழுதினார், 1964இல் குவின்சி ஜோன்ஸ், பிறகு 1966இல் லாஸ் வேகாஸின் சாண்ட்ஸ் ஹோட்டல் மேடையில் மறுபடி குவின்சி. "ஃப்ளை மீ டு த மூன்" முதலில் மூன்றன் நடையில் எழுதப்பட்ட வால்ட்ஸ். 1964 ஆல்பத்தில் குவின்சி அதை நாலுக்கு மாற்றிப் பேஸி பேண்டின் நடையில் போட்டார், இன்று உலகம் முழுக்க அந்தப் பாட்டு என்றால் அதுதான். பாட்டை எழுதியவரின் நடையையே மக்கள் மறந்துவிடும்படி செய்திருக்கிறார் ஒரு அரேஞ்சர்! சாண்ட்ஸ் பதிவில் நான் முதலில் சொன்ன அந்த "ஐ'வ் காட் யூ அண்டர் மை ஸ்கின்" ரிடில் உருப்படியும் உண்டு, வயலின்கள் இல்லாமல், பேஸி ஆட்களின் கையில். எனக்கு ஸ்டூடியோப் பதிவுதான் உசத்தி. மேடையில் ஏற்றம் வருவதற்கு முன்பே பேண்ட் ரொம்ப சந்தோஷமாக இருந்துவிடுகிறது, இழுபறி போய்விடுகிறது. இதை நான் சொன்னால் சண்டைக்கு வருகிற நண்பர்கள் இருக்கிறார்கள், வரட்டும்.

எலா பேஸியோடு 1963இல் செய்த ஆல்பத்துக்கும் குவின்சிதான். எலாவுக்கு எழுதுவதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு, அவரே ஒரு வாத்தியம். சொற்களை விட்டுவிட்டு வெறும் ஓசைகளால் ஸ்காட் பாட ஆரம்பித்தால் அவர் கற்பனைக்கு முன்னால் எழுதிவைத்த எந்தப் பதிலும் பழசாகத் தெரியும். குவின்சி அந்த இடங்களில் பேண்டை ஒரு சின்ன வாக்கியத்தோடு நிறுத்தி, ரிதம் ஆட்களை மட்டும் ஓடவிடுகிறார். அந்த ஆல்பத்தில் பேஸி பேண்டின் பழைய வாத்திய உருப்படி ஒன்றுக்கு எலாவே வார்த்தை எழுதிப் பாடியிருக்கிறார், "ஷைனி ஸ்டாக்கிங்ஸ்", அதில் பாடகி பேண்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கும்.

கடைசியாக மார்ட்டி பெய்ச். ஊர் முழுக்க ரிடிலைக் கொண்டாடட்டும், தனியாக இருக்கும்போது நான் போடுவது பெய்ச் எழுதி மெல் டோர்மே பாடியதைத்தான். 1956இல் ஒன்று, 1960இல் "மெல் டோர்மே ஸ்விங்ஸ் ஷூபர்ட் ஆலி". முழு பிக் பேண்ட் கிடையாது, பத்துப் பேர் சொச்சம், அதில் ஒரு ஃபிரெஞ்ச் ஹார்ன், ஒரு டியூபா. நாற்பதுகளின் கடைசியில் மைல்ஸ் டேவிஸின் ஒன்பது பேர் குழு காட்டிய வழி அது. டோர்மேயின் குரல் மிருதுவானது, பதினாறு பேர் முழு மூச்சில் ஊதினால் அவர் கத்தவேண்டியிருக்கும். பெய்ச் வாத்தியங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, நிறத்தைக் கூட்டினார். டோர்மேயும் டிரம்ஸ் வாசிக்கிற, தானே அரேஞ்ச்மென்ட் எழுதத் தெரிந்த ஆள், அதனால் பேண்ட் எங்கே வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும், அதற்கு இடம் விட்டு, சில இடங்களில் வேண்டுமென்றே அதன் பாதையில் குறுக்கே போய்ப் பாடுகிறார். பின்னால் ஓடும் வரிகள் வெறும் பதில்களாக இல்லாமல் தனிப் பாட்டாகவே நிற்கின்றன, ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அது எங்கே போய் முடிகிறது என்று மட்டும் கேட்கலாம். ஆர்ட் பெப்பரின் ஆல்ட்டோ சாக்ஸ் அவ்வப்போது உள்ளே வந்து எட்டு பார், பதினாறு பார் வாசித்துவிட்டுப் போகும்போது, ஒரு பாடகரின் ஆல்பத்தைக் கேட்கிறோம் என்பதே மறந்துபோகும்.

இப்போது வருகிற பிக் பேண்ட் பாட்டுகளில் பெரும்பாலானவற்றில் என் பிரச்சினை வாசிப்பில் இல்லை, வாசிப்பு அந்தக் காலத்தைவிடச் சுத்தம். பாடகர் தனிக் கண்ணாடி அறையில், பேண்ட் இன்னொரு நாளில், குரல் அதற்குமேல் ஒட்டப்படும். ஒரே அறையில் மூச்சு விட்டவர்களின் ஊகம் அங்கே தேவையே இல்லை. அரேஞ்ச்மென்ட் என்றால் ரிடிலின் முடிவு, பில்லி மேயின் வழுக்கல், கடைசிக் கோரஸில் அரைச் சுரம் ஏற்றுவது, இவற்றை எடுத்து ஒட்டுவது. எல்லா டிரம்பெட்டும் முதல் நொடியிலிருந்தே உச்சத்தில் இருந்தால் ஏறுவதற்கு எங்கே இடம்? பாட்டின் உச்சம் எது என்று முதலில் பார், மொத்தத்தையும் அதை நோக்கிக் கட்டு என்பதுதான் ரிடில் சொன்ன வழிமுறை. விதிவிலக்குகள் உண்டு. டயானா கிரால் 2006இல் கிளேட்டன்-ஹாமில்டன் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவோடு செய்த ஆல்பத்தில் ஜான் கிளேட்டன் எழுதியதைக் கேட்டால், கிராலின் அந்தத் தணிந்த, முக்கால்வாசி பேச்சு மாதிரியான குரலை எங்கேயும் அவர் விரட்டுவதில்லை.

இவ்வளவு செய்தும் அரேஞ்சருக்குக் கிடைத்தது ஒரு தடவைக் கூலி. ரெக்கார்டு எத்தனை லட்சம் விற்றாலும் பாட்டை எழுதியவருக்குப் பங்கு, பாடியவருக்குப் பங்கு, இவருக்குக் கிடையாது. 1950இல் நாட் கிங் கோல் பாடிய "மோனா லிசா"வை எழுதித்தந்தது ரிடில், ரெக்கார்டில் பெயர் லெஸ் பாக்ஸ்டருடையது. எழுபதுகளில் ரிடிலின் பாணிக்கே கிராக்கி இல்லாமல் போனது. பிறகு எண்பதுகளின் தொடக்கத்தில் ராக் பாடகி லிண்டா ரான்ஸ்டட் பழைய பாட்டுகளைப் பாட ஆசைப்பட்டு அவரிடம் போனார். ஒன்றிரண்டு பாட்டுக்கு மட்டும் எழுதுவதில்லை, செய்தால் முழு ஆல்பம்தான் என்றாராம் ரிடில். முழு ஆல்பமாகவே செய்தார்கள், அமெரிக்காவில் முப்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று, அட்டையில் ரான்ஸ்டட் பெயரோடு நெல்சன் ரிடில், அவருடைய ஆர்கெஸ்ட்ரா என்றும் அச்சிட்டிருந்தார்கள். மொத்தம் மூன்று ஆல்பம். மூன்றாவது வெளிவருவதற்குள், 1985 அக்டோபரில், அவர் போய்விட்டார்.